எனக்குப் போடாத ஏற்பூசி

அறுபதுகளின் தொடக்கத்தில் லிந்துலைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து எடுத்துக்கொண்டிருந்தேன். தோட்டத்தின் பெயரையும் நான் கிடந்த ஆஸ்பத்திரியின் பெயரையும் இங்கே எழுதப் போவதில்லை. என் பெயர் மரகதம். அப்போது எனக்கு இருபத்து நான்கு வயது, வயிற்றில் பிள்ளைக்கு ஆறாம் மாதம். அந்த நிலையில்தான் எனக்கு ஏற்புவலி வந்தது. ஆஸ்பத்திரியில் அதை டெட்டனஸ் என்றார்கள். துருவிலும் சாணியிலும் மண்ணிலும் இருக்கிற கிருமி காயத்துக்குள் போய் நஞ்சு கக்குகிறது. அந்த நஞ்சு ஏறினால் உடம்பிலுள்ள சதையெல்லாம் முறுக்கிக்கொள்ளும். முதலில் தாடை பூட்டும், பிறகு கழுத்து, பிறகு முதுகு. புத்தி மட்டும் கடைசிவரை தெளிவாக இருக்கும். இந்த வியாதியில் எனக்குப் பிடிக்காத விஷயங்கள் பல. எல்லாவற்றிலும் மோசமானது அந்தத் தெளிவுதான்.

ஆடி மாதக் காற்றில் நாங்கள் குடியிருந்த வரிசை வீடுகளான லயத்தின் கூரைத் தகரம் ஒன்று பிய்ந்து மாட்டுக் கொட்டிலுக்குள் போய் விழுந்தது. மழை வருவதற்குள் அதைத் தூக்கி மாட்ட வேண்டும் என்று மூன்று பேர் இழுத்தோம். என் கணவரின் அண்ணன் முத்துசாமி, அடுத்த காம்பிரா அறையில் இருந்த சின்னையா, நான். சாணி வழுக்கியது. தகரம் திரும்பி விழுந்து இரண்டு ஆண்களின் கைகளையும் என் வலது காலையும் கிழித்தது. மூன்று பேரும் இரத்தத்தோடு தோட்டத்து டிஸ்பென்சரிக்குப் போனோம்.

டிஸ்பென்சர் ஐயா நல்ல உயரம். எப்போதும் வெள்ளைக் காற்சட்டை. தோட்டத்தில் எங்களுக்கெல்லாம் அவர்தான் டாக்டர். முத்துசாமிக்கும் சின்னையாவுக்கும் காயத்தைக் கழுவி, ஆளுக்கு இரண்டு கையிலும் ஒவ்வொரு ஊசி போட்டார். நான் சேலையை முழங்கால்வரை தூக்கிப் பிடித்துக்கொண்டு என் முறைக்கு நின்றேன்.

“உனக்கு எத்தனையாம் மாசம்?”

“ஆறுங்கையா.”

“அப்ப ஒதுங்கி நில்லு. புள்ளத்தாச்சிக்கு ஏற்பூசி போடுறதில்ல.”

“அவங்களக் கிழிச்ச அதே தகரந்தானுங்களே ஐயா என்னையும் கிழிச்சிச்சு?”

“எனக்கே படிச்சுக் குடுக்கிறியா? போட்டா புள்ள கலைஞ்சிரும். அப்புறம் லயத்தோட வந்து என் கழுத்தத்தான் பிடிப்பீங்க. போ, மருந்து வச்சுக் கட்டிக்கிட்டுப் போ.”

மருத்துவச்சியம்மா அங்கேதான் இருந்தார். பிள்ளைகளை நிறுக்கும் தராசைத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தார். நான் அவர் முகத்தைப் பார்த்தேன். அவர் தராசைப் பார்த்தார். அயோடின் வைத்துக் கட்டிவிட்டார்கள். மறுநாளே காலையில் ஆள்கணக்கெடுக்கும் பெரட்டுக்குப் போய் மலையேறினேன்.

எட்டாம் நாள் காலை ரொட்டியைக் கடித்தேன், பல் இறங்கவில்லை. ஏதோ சுளுக்கு என்று நினைத்தேன். மத்தியானத்துக்குள் வாயில் விரல் நுழையவில்லை, கழுத்து மரக்கட்டையாகிவிட்டது. முகம் தானாக இளிக்கிற மாதிரி இழுத்துக்கொண்டது. லயத்துப் பெண்கள் என்னைப் பார்த்துப் பின்வாங்கினார்கள். ஆற்றுப் பக்கம் போனபோது முனி அடித்துவிட்டது என்று யாரோ சொன்னார்கள். என் கணவர் பெருமாள் உடனே போய்க் கோடாங்கியைக் கூட்டிக்கொண்டு வந்தார். கோடாங்கி உடுக்கையை அடித்ததும் என் முதுகு வில்லாக வளைந்தது. தலையும் குதிகாலும் மட்டும்தான் பாயில். சத்தம் பட்டால் இந்த வியாதியில் இழுப்பு வரும் என்று அங்கே யாருக்கும் தெரியாது. “பாருங்க, சாமிக்குப் பதில் சொல்லுது” என்று அவன் இன்னும் பலமாக அடித்தான். நான் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தேன். நிறுத்து என்று சொல்ல வாய் இல்லை.

நிறுத்தியவர் காமாட்சி அக்கா, முத்துசாமியின் மனைவி. உடுக்கையைப் பிடுங்கி வாசலில் எறிந்தார். “இவ கால்ல தகரம் வெட்டிச்சு. எங்க வீட்டுக்காரருக்கு ஊசி போட்டாங்க, இவளுக்குப் போடல. முனி ஊசியையாய்யா பாத்து அடிக்கும்?” என்று கத்தினார். அந்தக் கத்தலுக்கும் எனக்கு ஒரு இழுப்பு வந்தது. ஆனால் அந்தக் கத்தலால்தான் தோட்டத்து லொறி வந்தது.

அரசாங்க ஆஸ்பத்திரியில் என்னைப் பார்த்தவர் ஒரு சிங்கள டாக்டரம்மா. என்னைவிடச் சில வயதுதான் மூத்தவர். தமிழ் தட்டுத்தடுமாறிப் பேசுவார். காலில் மூடியிருந்த காயத்தைத் திறந்து, உள்ளே கறுத்துப்போயிருந்த சதையை வெட்டி எடுத்தார். நஞ்சை முறிக்கிற மருந்தைக் கையில் கொஞ்சமாகப் போட்டு, ஒத்துக்கொள்கிறதா என்று பார்த்தபின் மிச்சத்தை ஏற்றினார். குதிரையின் இரத்தத்திலிருந்து எடுக்கிற மருந்தாம். பிறகு என்னை வார்ட்டின் கோடியில் ஒரு சின்ன அறையில் போட்டு, சன்னலுக்குக் கறுப்புத் துணி கட்டி, காதில் பஞ்சை அடைத்தார்கள். மூக்கு வழியாக வயிற்றுக்கு ஒரு குழாய். அதில்தான் பாலும் முட்டையும் போனது. உடம்பைத் தளர்த்த ஒரு மருந்து கொடுப்பார்கள், அதன் நாற்றம் என் மூச்சிலேயே இருக்கும். இன்றைக்கும் எங்கேயாவது அந்த மாதிரி வாடை அடித்தால் எழுந்து வெளியே போய்விடுகிறேன்.

இருட்டில் எத்தனை நாள் கிடந்தேன் என்று எனக்குக் கணக்கில்லை. மூன்று வாரம் என்றார்கள். ஒரு தட்டு விழுந்தால் இழுப்பு. கதவு அடித்தால் இழுப்பு. ஒவ்வொரு இழுப்பிலும் நெஞ்சு பூட்டி மூச்சு நின்றுவிடும். இதோ செத்துப்போகிறேன், வயிற்றிலிருப்பதும் என்னோடு போகிறது என்று நினைப்பேன். இழுப்பு விட்டதும் உள்ளே ஒரு உதை வரும். அந்த உதைக்காகக் காத்துக் கிடப்பேன். டாக்டரம்மா தினமும் வந்து ஒரு மரக்குழலை வயிற்றில் வைத்துக் காது கொடுத்துக் கேட்பார். கேட்டுவிட்டுத் தலையை ஆட்டுவார். பேசமாட்டார், பேச்சுக்கும் எனக்கு இழுப்பு வரும் என்பதால்.

எல்லாருக்கும் அந்த நினைப்பு இருக்கவில்லை. வார்ட்டைக் கழுவுகிற அட்டெண்டன் பெண் ஒருத்தி இருந்தாள். வாளியை வேண்டுமென்றே தரையில் ‘டங்’கென்று வைப்பாள். “தோட்டக்காட்டு ஆளுங்களுக்குத் தனி அறை கேக்குதா?” என்று கதவுக்கு வெளியே நின்று சொல்வாள். எனக்குக் காதில் பஞ்சுதான் இருந்தது, ஈயம் இல்லை. எனக்குத் துணையாக வந்துபோய்க்கொண்டிருந்த காமாட்சி அக்கா ஒருநாள் இதைப் பார்த்துவிட்டு, தன் பழைய சேலையைக் கிழித்து வாளியின் பிடிக்கும் அடிக்கும் சுற்றிக் கட்டினார். மறுநாள் கதவின் கொண்டிக்குக் கட்டினார். அதற்கு மறுநாள் அறைக்கு வெளியே வார்ட்டில் இருந்த கட்டில்காரர்களின் தட்டுகளுக்கு அடியில் மடித்து வைத்தார். அந்தப் பெண்களும் என்னை அறியாதவர்கள்தான். எனக்காக மூன்று வாரம் கிசுகிசுத்துப் பேசினார்கள். அதில் ஒரு சிங்களத்து அம்மா, வருகிறவர்களிடமெல்லாம் உதட்டில் விரல் வைத்து “ஷப்த எபா, ஷப்த எபா” என்று சத்தம் வேண்டாம் என்று சொல்வதை வேலையாகவே வைத்திருந்தாராம்.

நான்காம் வாரம் தாடை ஒரு விரற்கடை திறந்தது. கஞ்சியை ஊதி ஊதிக் குடித்தேன். சன்னல் துணியைப் பாதி விலக்கினார்கள். அந்த நேரம் பார்த்து டிஸ்பென்சர் ஐயா வந்தார்.

கையில் தோடம்பழப் பை. கூட என் கணவர். ஐயா என்னிடம் இவ்வளவு மெதுவாகப் பேசி அதுவரை நான் கேட்டதில்லை.

“எப்படியோ பொழச்சிட்ட. சந்தோசம். ஆபீசுக்கு ஒரு தாள் அனுப்பணும். கைநாட்டு வச்சிட்டா சரி.” மைப்பெட்டியைத் திறந்து கட்டிலில் வைத்தார்.

“என்ன எழுதியிருக்குங்க?” என் பேச்சு பல்லுக்கு நடுவால்தான் வந்தது.

“காயம் பட்டு வந்த, மருந்து கட்டினோம், அவ்வளவுதான்.”

“குடுங்க, பாக்குறேன்.”

அவருக்கு என் படிப்பு தெரியாது. தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் ஐந்தாம் வகுப்பு வரை படித்தவள் நான். தாளில் நல்ல தமிழில் எழுதியிருந்தது: ஏற்பூசி போட்டுக்கொள்ளும்படி டிஸ்பென்சர் பலமுறை வற்புறுத்தியும், கர்ப்பத்தைக் காரணம் காட்டி நானே மறுத்துவிட்டேன் என்று. கீழே சாட்சி என்று போட்டு ஒரு கைநாட்டு ஏற்கெனவே இருந்தது. பக்கத்தில் என் கணவரின் பெயர்.

நான் பெருமாளைப் பார்த்தேன். அவர் தரையைப் பார்த்தார்.

“பேனாவக் குடுங்க ஐயா. எனக்குக் கைநாட்டு வேணாம், எழுத வரும்.”

அவர் முகம் மாறியது. ஆனாலும் பேனாவைக் கொடுத்தார், கையெழுத்துப் போடுவேன் என்று எண்ணித்தான். நான் தாளின் குறுக்கே ‘இது பொய். ஊசி கேட்டேன். போடவில்லை’ என்று எழுதிக் கீழே மரகதம் என்று போட்டேன். எழுத்து கோழி கிளறியது போல இருந்தது, ஆனாலும் படிக்க முடிந்தது. அவர் பறிக்கப் பார்த்தார். நான் அதை என் முதுகுக்கடியில் போட்டுப் படுத்துக்கொண்டேன்.

“லயத்துல இருக்கணுமா வேணாமா நீங்க?” என்றார். மெதுவான பேச்சு அத்தோடு போயிற்று. பழப் பையையும் எடுத்துக்கொண்டு போனார்.

“காம்பிராவப் பூட்டிருவேன்னு சொன்னாரு புள்ள,” என்றார் என் கணவர். “வேலையில இருந்து பேரையும் வெட்டிருவாங்கன்னு…”

“நான் வாயத் தொறக்க முடியாமக் கெடந்தேன். நீங்க தொறக்க முடிஞ்சும் தொறக்கல. போங்க.”

ஐந்து நாள் அவரோடு பேசவில்லை. அவர் தினமும் வந்தார், வேலை விட்டு அவ்வளவு தூரம் மழையில் நடந்து. கட்டிலின் கால்மாட்டில் நிற்பார், போய்விடுவார். ஆறாம் நாள் டாக்டரம்மாவிடம் தானாகப் போய், அந்தக் கைநாட்டு தன்னுடையதுதான், ஆனால் அதில் இருப்பது பொய் என்று சொன்னார். நர்ஸ் மிஸ்ஸி ஒருத்தி அதைச் சிங்களத்தில் எடுத்துச் சொன்னாள். டாக்டரம்மா என்னிடம் வந்து தாளை வாங்கி, மிஸ்ஸியைப் படிக்கச் சொல்லிக் கேட்டார். தாளை மடித்துத் தன் கோட்டுப் பைக்குள் வைத்துக்கொண்டார்.

பிறகு அவர் செய்ததை நான் எதிர்பார்க்கவில்லை. தோட்டத்து டிஸ்பென்சர்களும் மருத்துவச்சிகளும் மாதம் ஒருமுறை மருந்து வாங்க ஆஸ்பத்திரிக்கு வருவார்கள். அந்த நாளில் என் அறைக்கு வெளியே வராந்தாவில் ஒரு மேசை போட்டு உட்கார்ந்துகொண்டார். குறித்துக்கொள்ள அப்பியாசக் கொப்பி ஒன்றைத் திறந்து வைத்து ஒவ்வொருவராகக் கூப்பிட்டார். கேள்வி ஒன்றே ஒன்று. கர்ப்பிணிக்கு ஏற்பூசி போடலாமா? கதவு திறந்திருந்தது. நான் தலையணையில் சாய்ந்து எல்லாவற்றையும் கேட்டேன்.

போடவே கூடாது என்றார் ஒருவர். மூன்றாம் மாதத்துக்குப் பிறகு போடலாம் என்றார் ஒருவர். இல்லை, மூன்றாம் மாதத்துக்குள் போட்டுவிட வேண்டும், பிறகுதான் ஆபத்து என்றார் இன்னொருவர். அம்மை குத்துவதும் இதுவும் ஒன்றுதானே என்று ஒரு வயதான டிஸ்பென்சர் திருப்பிக் கேட்டார். நர்ஸ்களுக்கெல்லாம் தலைவியான எங்கள் ஆஸ்பத்திரியின் பெரிய மிஸ்ஸியே, பிள்ளை பிறக்கும்வரை எந்த ஊசியும் ஆகாது, இருபது வருடமாகப் பார்க்கிறேன் என்றார். எங்கள் மருத்துவச்சியம்மாவின் முறை வந்தது.

“எனக்கு இரும்பு மருந்து குடுக்கத்தான் சொல்லியிருக்காங்க. ஊசியப் பத்தி யாரும் சொல்லல,” என்றார்.

“அன்று இந்தப் பெண் ஊசி வேண்டாம் சொன்னதா?” டாக்டரம்மாவின் தமிழ் அப்படித்தான் வரும்.

மருத்துவச்சியம்மா கதவுப் பக்கம் திரும்பி என்னைப் பார்த்தார்.

“இல்லைங்க. கேட்டுச்சு. ஐயாதான் வேணாம்னாரு. நான் பேசாம நின்னேன்.”

டிஸ்பென்சர் ஐயா கடைசியாக வந்தார். இங்கிலீஷில் பேசினார், எங்களுக்குப் புரியக் கூடாது என்பதற்காக இருக்கலாம். டாக்டரம்மா தமிழிலேயே பதில் சொன்னார். “எனக்கும் காலேஜில் இது படிக்கக் குடுக்கல. பிறகு நானே படித்தது. தெரியாதது குற்றம் இல்லை. இந்தத் தாள் குற்றம்.”

அன்று மாலை அவர் என் கட்டிலில் உட்கார்ந்து, மிஸ்ஸியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு எனக்கு விளக்கினார். முத்துசாமிக்குப் போட்ட இரண்டு ஊசியில் ஒன்று குதிரை மருந்து. அது உடனே வேலை செய்யும், சில வாரத்தில் தீர்ந்துவிடும். மற்றது தடுப்பூசி. நஞ்சை அடித்துச் சாகடித்துக் கொஞ்சமாக உள்ளே விடுவது. அதைப் பார்த்து உடம்பு தானே எதிர்மருந்து செய்யப் பழகிக்கொள்ளும். அதில் உயிருள்ள கிருமி கிடையாது, ஆகையால் பிள்ளைக்கு ஒன்றும் ஆகாது. அம்மைக்குக் குத்துவது வேறு, அதில் உயிருள்ளது இருக்கிறது. ஆகவே வயிற்றில் பிள்ளை இருக்கும்போது அதற்கு யோசிக்க வேண்டும். இரண்டையும் குழப்பிக்கொண்டுதான் எல்லாரும் பயப்படுகிறார்கள். எனக்கும் அந்தத் தடுப்பூசியைப் போட வேண்டும் என்றார்.

“எனக்குத்தான் வந்து போயிருச்சே, இனி எதுக்கு?” என்று கேட்டேன்.

“இந்த வியாதி வந்தா திரும்ப வராது என்று இல்லை. திரும்ப வரும். உனக்குப் போட்டா பிள்ளைக்கும் போகும். தொப்புள் வெட்டும் இடத்தில் இதே கிருமி.”

எங்கள் லயத்தில் பிறந்து ஒரு வாரத்துக்குள், பால் குடிக்க வாய் திறக்காமல், விறைத்துச் செத்த பிள்ளைகள் எத்தனை. காமாட்சி அக்காவின் மூத்தது அப்படித்தான் போனது. அதைப் பேய் உறிஞ்சியது என்று சொல்லிப் புதைத்தோம். அக்கா அப்போது கட்டிலின் மறுபக்கம் கஞ்சிப் பாத்திரத்தோடு நின்றிருந்தார். மிஸ்ஸி தமிழில் சொன்னதையெல்லாம் கேட்டார். பாத்திரத்தை மெல்லக் கீழே வைத்துவிட்டு வெளியே போனார். திரும்பி வந்தபோது முகம் கழுவியிருந்தார்.

“போட்டுக்க,” என்றார்.

பெரிய மிஸ்ஸி ஊசியைத் தொட மறுத்தார். நாளைக்கு ஏதாவது ஆனால் தான் பொறுப்பில்லை என்று எல்லார் காதிலும் படச் சொன்னார். டாக்டரம்மாவே போட்டார். எனக்குப் பயம் இல்லாமல் இல்லை. இரண்டு நாள் வயிற்றில் கை வைத்தபடியே இருந்தேன். உள்ளே அது தன் பாட்டுக்கு உதைத்துக்கொண்டிருந்தது. நான்கு வாரம் கழித்து இரண்டாவது ஊசி. அதற்குள் தடி ஊன்றி நடந்து வீட்டுக்குப் போயிருந்தேன்.

தோட்டத்து ஆபீசில் விசாரணை நடந்தது. தோட்டத்தை நடத்துகிற தொரை நாற்காலியில், டிஸ்பென்சர் ஐயா நாற்காலியில், நிறைமாதத்தை நெருங்கிக்கொண்டிருந்த நான் நின்றபடி. டாக்டரம்மாவின் கடிதம் மேசையில் இருந்தது. மருத்துவச்சியம்மா ஆஸ்பத்திரியில் சொன்னதையே சொன்னார். என் கணவர், தொரையின் முன்னால் அதுவரை தலை நிமிர்ந்தறியாதவர், தன் கட்டைவிரலை நீட்டிக் காட்டி, “இது பயத்துல வச்சதுங்க தொரை” என்றார். அன்றைக்குத்தான் அவர்மேல் இருந்த கோபம் எனக்குக் கொஞ்சம் இறங்கியது. எங்கள் காம்பிராவை யாரும் பூட்டவில்லை. டிஸ்பென்சர் ஐயாவுக்குக் கிடைத்த தண்டனை, நோர்வூட் பக்கத்தில் வேறொரு தோட்டத்துக்கு மாற்றம். எல்லாரும் எனக்கு ஜெயம் என்றார்கள். நோர்வூட்டில் கர்ப்பிணிகள் இல்லையா என்று நான் கேட்டேன்.

எனக்குப் பெண் பிறந்தது, ஆஸ்பத்திரியில், சின்ன உடம்போடு. ஏழாம் நாள்வரை நானும் அக்காவும் அதன் வாயையே பார்த்துக்கொண்டிருந்தோம். எட்டாம் நாளும் அது வாயை அகலத் திறந்து அழுதது.

பிள்ளைக்கு எட்டு மாதம் ஆனபோது, நோர்வூட் பக்கம் கட்டிக்கொடுத்திருந்த என் நாத்தனார் வீட்டுக்குப் போனேன். போனதற்குக் காரணம் நாத்தனார் மட்டுமல்ல. காலையில் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு அந்தத் தோட்டத்து டிஸ்பென்சரிக்குப் போனேன். வரிசையில் நின்ற பெண்களுக்கு முன்னால் என் காலையும் கதையையும் காட்டிக் கத்துவது என்றே வந்திருந்தேன். வழியெல்லாம் வார்த்தைகளை அடுக்கிக்கொண்டு வந்தேன்.

வரிசையில் நான்கைந்து கர்ப்பிணிகள். உள்ளே அவர் ஒருத்தியின் கையைத் துடைத்து ஊசி போட்டுக்கொண்டிருந்தார். அவள் நிறைமாதம்.

“இது என்ன ஊசி தங்கச்சி?” என்று வெளியே வந்தவளைக் கேட்டேன்.

“ஏற்பூசிங்க. புள்ளத்தாச்சி எல்லாரும் கட்டாயம் போட்டுக்கணும்னு ஐயா லயம் லயமாச் சொல்லி அனுப்பியிருக்காரு.”

நான் அடுக்கி வந்த வார்த்தைகளுக்கு அங்கே வேலை இல்லை. சந்தோசப்பட வேண்டிய இடம் அது. எனக்குக் கோபம்தான் ஏறியது. என் தாடையைப் பூட்டி, என் முதுகை வளைத்து, மூன்று வாரம் இருட்டில் போட்டு அவர் கற்றுக்கொண்ட பாடம் இது.

அவர் தலையைத் தூக்கி என்னைப் பார்த்தார். பிறகு பிள்ளையைப் பார்த்தார்.

“நல்லாருக்கா?” என்றார்.

“நல்லாருக்கா. தெரியாதுன்னு அன்னைக்கு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமுங்களே ஐயா. ஆஸ்பத்திரியில கேட்டுக்கோன்னு அனுப்பியிருந்தா நானே நடந்து போயிருப்பேன். அப்ப எனக்கு நடக்க முடிஞ்சதே.”

வரிசையில் நின்றவர்கள் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார்கள். அவர் மேசையில் இருந்த பஞ்சை எடுத்தார், வைத்தார்.

நான் நின்று பார்த்தேன், போதுமான நேரம் கொடுத்தேன். பிள்ளையை இடுப்பில் மாற்றிக்கொண்டு வெளியே வந்தேன்.

பின்னால் அவர் குரல் கேட்டது. “அடுத்த ஆள் வாங்கம்மா.”